ஒரு வாரச் சொத்து

"எங்க பொருள் மேல எங்களுக்கே நம்பிக்கை இல்லேன்னா வேற யாருக்கு வரும்? அதான், எங்க கம்பெனிப் பங்குகளை நாங்களே திரும்ப வாங்குறோம். போர்டு இன்னிக்கு ஒப்புதல் கொடுத்தாச்சு."

டி.வி.யில் பெரியவன் வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அதே பெரியவன், அம்மா வீட்டு சோபாவில் சாய்ந்தபடி தன்னையே ரசித்துக்கொண்டும் இருந்தான்.

ரசிக்க வேண்டியதுதான். கடலோர விடுதியில் வருஷத்துக்கு ஒரு வாரம், ஆயுசுக்கும் உங்களுக்கே சொந்தம் என்று விற்கிற கம்பெனி. வீடு வீடாக ஏறி இறங்கி வாரம் விற்றவன், இன்று அதற்கே தலைவர். ஆள் கெட்டிக்காரன். அப்பா போன பிறகு வீட்டைப் பிரித்தபோது, மாடிப்படிக்கு அடியில் இருந்த இடத்தைக்கூட டேப் வைத்து அளந்து வாங்கிக்கொண்டவன்.

"பார்த்தியாடா? மத்தியானத்துக்குள்ளயே பங்கு விலை ஏறிடுச்சு!" என்றான் தம்பியிடம்.

"ரொம்ப சந்தோஷம்ண்ணா" என்றான் தம்பி. அவனுக்குச் சின்னதாக ஒரு பெயிண்ட் கடை. பாதி நாள் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

அம்மா காபியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"ஏண்டா, எல்லார் பங்கையும் திரும்ப வாங்கிக்கிறியாமே. என்னோடதையும் வாங்கிக்கோயேன்."

"உனக்கு ஏதும்மா பங்கு?"

"அந்தக் கடலோர வாரம்டா! வேலைக்குச் சேர்ந்த புதுசுல, 'மாசக் கடைசி, ஒண்ணே ஒண்ணு குறையுது, வேலை போயிடும்மா'ன்னு என் தலையில கட்டினியே."

பெரியவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஐயோ அம்மா! அது பங்கு இல்ல, வாரம். பங்கைத்தான் திரும்ப வாங்குவோம். வித்த வாரத்தை வாங்குற பேச்சே கிடையாது."

"ரெண்டும் நீங்க வித்ததுதானேடா?"

"உனக்கு இதெல்லாம் புரியாதும்மா."

"எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான். முழங்கால் வலியில வாசப்படி இறங்கவே முடியல, நான் எங்க கடலைப் பார்க்கப் போறேன்? ஆனா போனாலும் போகலேன்னாலும் வருஷா வருஷம் பராமரிப்புப் பணம் கட்டணும். அதை உன் தம்பிதான் கட்டுறான். இந்த வருஷம் பொண்ணைக் காலேஜ்ல வேற சேர்க்கணும். அவன் தாங்கமாட்டான்டா."

"விடும்மா, அண்ணன் வந்த நேரத்துல..." தம்பி நெளிந்தான்.

"கட்டுற பணத்தைப் பார்க்காதேம்மா" என்றான் பெரியவன். டி.வி.யில் பேசிய அதே குரல். "அது செலவு இல்ல, சொத்து! மதிப்பு ஏறிக்கிட்டே போகும். உனக்கப்புறம் உன் பிள்ளைக்கு, அவன் பிள்ளைக்குன்னு வழிவழியா வரும்."

"அவ்வளவு ஒசத்தியா?"

"பின்னே?"

"அப்போ நாளைக்கே உன் பேருக்கு மாத்திக்கோ."

பெரியவன் காபியை எடுத்தான். குடிக்காமலே கீழே வைத்தான். ரிமோட்டைத் தேடி டி.வி.யை அணைத்தான்.

பிறகு எழுந்து போய், தம்பியின் தோள்மேல் பாசமாகக் கையைப் போட்டான்.

"வேணாம்மா. எல்லாத்தையும் நானே எடுத்துக்கிட்டா நல்லாவா இருக்கும்? இந்தச் சொத்தாவது தம்பிக்கே இருக்கட்டும்."