கரடிக்குக் கறுப்பு நாடா

நகரத்தார் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில், நம் நகரச் சின்னத்தில் நிமிர்ந்து நிற்கும் கரடி இன்று துக்கம் அனுசரிக்காது. நகரமன்ற வாசலில், விழாவுக்காக ஏற்றிய கரடிக் கொடி தூறலில் நனைந்து தொங்குகிறது. கொடியேற்றும் பணியாளர் ஹார்ட்விக் கறுப்பு நாடாவோடு ஏணி உச்சியில் நிற்கிறார். மேயர் ரோஸ்வித்தா கீழே இரண்டு கைகளாலும் ஏணியைப் பிடித்திருக்கிறார். "இறங்குங்க ஹார்ட்விக். கவுன்சிலர் யாராவது தவறினாத்தான் கொடியில நாடா. விதி அப்படி." "போன மாசம் ஒருத்தருக்குக் கட்டினேனே மேடம். கூட்டத்துல தூங்கினதைத் தவிர அவரு என்ன செஞ்சாரு? காத்துல கிழியற இந்தக் கரடியை முப்பது வருஷமா தைச்சுக் குடுத்தது என் பொண்டாட்டி." ஹார்ட்விக் நாடாவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்குகிறார். "பதினோரு மணிக்கு அவளுக்கு அடக்கம். வருவீங்களா?" "அப்பத்தானே விழாவுக்கு பேண்டு வருது." ஹார்ட்விக் தலையாட்டிவிட்டு நடக்கிறார். மேயர் இன்னும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஏணியில் யாரும் இல்லை.