மூன்று தட்டு

கட்டிக்கொண்டிருந்த மாடி இடிந்து விழுந்து இரண்டு நாளாகிவிட்டது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றாகவே இருந்த அந்த இருட்டில், சித்தாள் பவளத்தின் உயிரைப் பிடித்து வைத்திருந்தது ஒரு சத்தம்தான். இடிபாட்டுக்குள் எங்கிருந்தோ டொக், டொக், டொக் என்று மூன்று தட்டு கேட்கும். உடனே பக்கத்தில் கிடந்த மேஸ்திரி சவரிமுத்து, "கேட்டுச்சா? தோண்டிக்கிட்டு வர்றாங்க. தைரியமா இருங்க" என்பார். கால் நசுங்கி எதிர் மூலையில் கிடந்த பெயிண்டர் காசிம் அழுகையை நிறுத்திவிடுவான்.

தண்ணீர் பாட்டிலைத் தேடித் துழாவியபோதுதான் அவள் விரல்கள் மேஸ்திரியின் கைமேல் பட்டன. அந்தக் கை சாந்துக் கரண்டியின் பிடியால் தூணைத் தட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது தட்டு அவள் விரல்களுக்கு அடியிலேயே விழுந்தது.

பவளம் அவர் பக்கம் திரும்பினாள். "அப்போ இத்தனை நேரமும் நீங்கதானா?"

"மெதுவா பேசு தாயி. காசிம் காதுல விழுந்துரப் போவுது."

"நல்லா இருப்பீங்களா நீங்க?" கரண்டியைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டாள். மறுபடி தட்டிவிடாதபடி அவர் கையையும் இறுகப் பிடித்துக்கொண்டாள். அழக்கூட வரவில்லை. வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை.

டொக், டொக், டொக்.

கரண்டி மடியில்தான் கிடந்தது. மேஸ்திரியின் கை அவள் பிடியில்தான் இருந்தது. சத்தம் காசிம் கிடந்த மூலையிலிருந்து வந்தது.

"கேட்டுச்சா மேஸ்திரி?" காசிமின் குரல் கம்மியிருந்தது. "பக்கத்துல வந்துட்டாங்க. அக்காவைப் பயப்பட வேணாம்னு சொல்லுங்க."

மேஸ்திரிக்கு முந்திப் பவளமே சொன்னாள்.

"கேட்டுச்சு தம்பி. நல்லாக் கேட்டுச்சு."