நாக்குக்கு வந்த சோதனை

"அக்கா, அவர் நாக்கு செத்துப்போச்சு."

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் கிசுகிசுத்தாள் தங்கை. வாய் நிறைய பிஸ்கட் இருந்ததால் அந்தப் பக்கம் பாதிதான் போய்ச் சேர்ந்தது.

"மென்னு முழுங்கிட்டுப் பேசுடி. யாரு செத்துப்போனது?"

"யாரும் சாகலை. அவர் நாக்கு. ஒரு வாரமா மாத்திரை போட்ட காபியைத்தான் குடிக்கிறார். இன்னிக்கும் பிரமாதம்னுட்டு ஆபீஸ் போயிட்டார்."

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். தங்கை கணவரின் சட்டைப் பொத்தான்கள் தொப்பைமேல் மூச்சுத் திணறுவதைப் பார்த்துவிட்டு, காபியில் சர்க்கரைக்குப் பதிலாக இனிப்பு மாத்திரையைப் போடச் சொன்னதே அவள்தான். அவரிடம் கேட்டுக்கொண்டு செய்கிற காரியமில்லை. மனிதர் வீட்டைக் கேட்டால்கூட எழுதிக் கொடுத்துவிடுவார், காபியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையை விட்டுக்கொடுக்க மாட்டார்.

ஆனால் அவர் லேசுப்பட்ட ஆளும் இல்லை. பழச்சாறு தொழிற்சாலையில் ருசி பார்ப்பதுதான் அவர் உத்தியோகம். மூன்று கிளாஸை வைத்து, இரண்டில் ஒரே சாறு, ஒன்றில் மட்டும் வேறு என்றால், அந்த வேறு கிளாஸ்மீது விரலை வைத்துவிடுவார். அங்கே அவருக்குப் பெயரே 'நாக்கார்'. வீட்டிலும் அதே கதைதான். ஆப்பிள் துண்டை வாயில் போட்டதுமே, "இந்தக் கத்தியால வெங்காயம் நறுக்கினியா?" என்பார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் அவள் மாத்திரை போட்ட காபியைக் கொடுத்தாள். முதல் நாள் ஒரு வாய் குடித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். மாட்டிக்கொண்டோம் என்று பேப்பர் எடுக்கும் சாக்கில் வாசலுக்கு ஓடிவிட்டாள். திரும்பி வந்தபோது கப் பாதி காலி. "பிரமாதம்" என்றார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. மேஜையில் அவர் காபியையும் சர்க்கரை போட்ட தன் காபியையும் வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் வாசலுக்கு நழுவிவிடுவாள். வந்ததும் 'பிரமாதம்' காதில் விழும்.

முதலில் சந்தோஷப்பட்டவளுக்குப் பிறகுதான் கவலை பிடித்துக்கொண்டது. தொழிற்சாலைக்கு வந்திருந்த புது மேனேஜர், ருசி பார்ப்பவர்களின் நாக்கையே வெள்ளிக்கிழமை சோதிக்கப் போகிறாராம். தவறியவர்கள் கிடங்கில் பாட்டில் எண்ண வேண்டியதுதான்.

கவலை வந்தால் சிலருக்குச் சாப்பாடு இறங்காது. அவள் அந்தச் சாதி இல்லை. அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில், ஒரு வாடிக்கையாளர் போய் அடுத்தவர் வருவதற்குள் ஒரு பன் காணாமல் போயிருக்கும்.

"ருசி தெரியலைன்னா போகட்டும். பசி எப்படி இருக்கு அவருக்கு?" என்று அக்கா கேட்டாள். "நானே சொல்லணும்னு இருந்தேன். இந்த மாத்திரையில ஒரு வம்பு உண்டு. இனிப்பு வந்தாச்சுன்னு நாக்கு மூளைக்குத் தந்தி அடிச்சிடும். மூளையும் வாசலைத் திறந்து வெச்சுக்கிட்டுக் காத்திருக்கும். வரவேண்டிய சரக்கு வராது. ஏமாந்த மூளை சும்மா இருக்குமா? அதைக் கொண்டா, இதைக் கொண்டான்னு நச்சரிக்குமாம். எல்லாருக்கும் இல்லை, சிலருக்கு. இதுல ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ளேயே இன்னும் சண்டை தீரலை."

"அவருக்கா பசி? நேத்து ராத்திரி ரெண்டு ரொட்டியோட எழுந்துட்டார்."

"அப்ப அவர் மூளையும் போச்சு போல" என்று அக்கா சிரித்தாள்.

தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. விஷயத்தைச் சொன்னால், நாக்கு போன சேதி தெரிந்து சோதனைக்கு முன்பே மனிதர் ஒடிந்துபோவார். திடீரென்று சர்க்கரைக்கு மாறினாலோ, ஏன் மாறியது என்ற கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டு வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை கடையில் ஒருவருடைய கண்ணாடியை இன்னொருவர் மூக்கில் மாட்டி அனுப்பப் பார்த்தாள். சாயங்காலம் வரும் வழியில் ஒரு பை பன் வாங்கிக்கொண்டாள்.

அவர் வந்தார். செருப்பைக் கழற்றினார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். அவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மாத்திரை, அக்கா, ஒரு வாரக் காபி என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"உங்க நாக்கு போனது தெரிஞ்சும் நான் சொல்லாம இருந்துட்டேங்க. பாட்டில் எண்ணினா என்ன, எண்ணிட்டுப் போறோம்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொங்கிய முகத்தில் குறும்பு எட்டிப் பார்த்தது.

"ஒண்ணுகூடத் தப்பலை. மேனேஜரே எழுந்து வந்து கை கொடுத்தார்."

"அப்ப மாத்திரை?"

"முதல் நாள் முதல் வாய்லயே தெரிஞ்சுபோச்சு. சொன்னா நீ காபியையே நிறுத்திடுவேன்னுதான் பேசாம இருந்தேன்."

போன உயிர் வந்த நிம்மதியில் அவள் பையைப் பிரித்து ஒரு பன்னை எடுத்துக் கடித்தாள். தெரிந்துகொண்டே ஒரு வாரம் குடித்தீர்களா என்று வியந்து கேட்டாள்.

"குடிக்கிறதா? அந்த ருசி மத்தியானம்வரைக்கும் நாக்கை விடாது. அதோட போய் ஜூஸ் ருசி பார்க்க முடியுமா?"

"பின்னே கப் எப்படிங்க காலியாச்சு?"

அவள் கை அடுத்த பன்னுக்காகப் பைக்குள் போவதை அவர் பரிதாபமாகப் பார்த்தார்.

"நீ பேப்பர் எடுக்கப் போனதும் உன் கப்பை நான் எடுத்துக்கிட்டு, என் கப்பை உன் பக்கம் தள்ளி வெச்சிடுவேன். பாவம், நீதான் ஒரு வாரமா பசி பசின்னு அலையறே."