நான்காய் மடித்த வயர்

மூன்றாவது முறையும் தட்டினான். கதவு திறக்கவில்லை.

உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

புகாரில் இருந்த எண்ணை அழைத்தான். வீட்டுக்குள் போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது.

இன்டர்நெட் வரவில்லை என்ற இந்தப் புகார் ஏற்கெனவே இரண்டு முறை மூடப்பட்டிருந்தது. இரண்டு முறையும் ஒரே காரணம். வாடிக்கையாளர் போனை எடுக்கவில்லை.

அதில் ஒன்று அவன் மூடியது. போன வியாழன், டீக்கடையில் நின்றபடி.

ஜன்னல் வழியே பார்த்தான்.

ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண். நாற்காலியை மோடத்துக்கு எதிரே போட்டு, அதன் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடியும் அழைத்தான். அவர் முதுகுக்குப் பின்னால், கட்டிலில், போன் சத்தமாக அடித்தது.

அவர் திரும்பவில்லை.

அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

ஜன்னலில் கையை ஆட்டினான். எதிர்ச்சுவரில் நிழல் ஆடியது. அவர் எழுந்து ஓடிவந்தார்.

கதவைத் திறந்ததும் தன் காதைத் தொட்டுத் தலையசைத்தார். மன்னிப்புக் கேட்பது போலச் சிரித்தார்.

அவனால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

ஒரு நோட்டை நீட்டினார். முன்பே எழுதி வைத்திருந்தார்.

‘மகள் மஸ்கட்டில் இருக்கிறாள். இன்று நாலரைக்கு ஆபரேஷன். நாலு மணிக்கு வீடியோவில் வருவாள். பிறகு போனை வாங்கி வைத்துவிடுவார்கள். நாங்கள் கையால்தான் பேசுவோம். மொபைலில் டவர் இல்லை, படம் நின்று நின்று போகிறது.’

மணி மூன்று நாற்பது.

மோடத்தின் மேல், விளக்கை மட்டும் விட்டு, பின்னல் துணி போர்த்தியிருந்தது. விலக்கினான்.

பின்னால் மிச்சமிருந்த மஞ்சள் வயர் நான்காக மடிக்கப்பட்டிருந்தது. இஸ்திரி போட்ட கைக்குட்டை போல. நடுவில் ஒரு ரப்பர் பேண்ட்.

அவர் காற்றில் துடைத்துக் காட்டினார். சுத்தம் செய்தாராம். முகத்தில் கொஞ்சம் பெருமை.

உள்ளே இருப்பது முடியளவு கண்ணாடி இழை. வளைக்கலாம். மடிக்கக் கூடாது.

அதை எழுதிக் காட்டப் பேனாவை எடுத்தான்.

மூடி வைத்தான்.

மடிப்பை வெட்டி எறிந்தான். இழையைத் துடைத்தான். புது முனை பொருத்தினான். முதல் முறை சரியாக அமரவில்லை. விரல் வியர்த்திருந்தது. சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி பொருத்தினான்.

மூன்று ஐம்பத்தாறு.

சிவப்பு அணைந்தது.

பச்சை சிமிட்டியது. சிமிட்டியது. நிலைத்து நின்றது.

மீந்த வயரைப் பெரிய வட்டமாகச் சுற்றி ஆணியில் மாட்டினான். அவர் அந்த வட்டத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டார்.

பிறகு அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

நிமிர்த்தி வைத்த போனின் திரை ஒளிர்ந்ததும் சட்டென்று விட்டார். பேசக் கை வேண்டுமே.

திரையில் பச்சை அங்கி அணிந்த பெண். இடது கையில் ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. வலது கையால் மட்டும் பேசினாள்.

அதைப் பார்த்தார் தாய். தன் இடது கையை மடியில் வைத்துக்கொண்டார். அவரும் ஒரு கையால் பேசத் தொடங்கினார்.

அவன் ஓசைப்படாமல் வெளியே வந்தான்.

செருப்பை மாட்டும்போது ஆபீசிலிருந்து போன். புகார்களைப் பார்க்கும் தேன்மலர்.

“அண்ணே, அந்த மூணாந் தெரு கம்ப்ளெயின்ட் முடிஞ்சிருச்சா? கேக்கலாம்னு அடிச்சேன். அந்தம்மா இன்னைக்கும் போன எடுக்கல. எடுக்கலன்னே போட்டு மூடிரவா?”

ஜன்னலுக்குள் ஒரு கை காற்றில் வேகமாக எழுதிக்கொண்டிருந்தது.

“அப்பிடிப் போடாதம்மா. அவங்க பேசிக்கிட்டு இருக்காங்க.”

வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை. தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனான்.