லிங்க்கின் நடுவே ஒரு மஞ்சள் முகம்

மூன்றாவது தடவையும் லிங்க் திறக்கவில்லை. அப்படி ஒரு பக்கமே இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது.

ராகேல் மறுபடியும் அதையே அழுத்திப் பார்த்தாள்.

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு எதிர் மாடியில் இருந்த அந்த பிரௌசிங் சென்டருக்குக் காலையில் விழிஞ்ஞத்திலிருந்து பஸ் ஏறி, கதவு திறந்ததும் வந்து உட்கார்ந்தவள். கீழே தேங்காய் உடைக்கிற சத்தம் ஓயவில்லை. ஒவ்வொன்றுக்கும் அவள் தூக்கிவாரிப் போட நிமிர்ந்தாள்.

அவள் புருஷன் பிரவின்ராஜ் வேலை பார்த்த சரக்குக் கப்பல் மூன்று நாளைக்கு முன் நடுக்கடலில் தீப்பிடித்து மூழ்கிவிட்டது. இருபத்து மூன்று பேரில் பத்தொன்பது பேரைக் காப்பாற்றியதாக டிவியில் சொன்னார்கள். யார் யார் என்று சொல்லவில்லை.

பெயர்ப் பட்டியலைக் கம்பெனி தன் வெப்சைட்டில் எங்கோ ஒரு மூலையில் போட்டிருக்கிறதாம். கப்பல்காரர் குடும்பங்கள் பேசிக்கொள்ளும் ஒரு ஃபோரத்தில், ஏதோ துறைமுகத்து மாலுமிகள் விடுதியின் பெயரில் யாரோ ஒரு புண்ணியவான் அதன் லிங்க்கை ஒட்டியிருந்தார்.

அவர் ஒட்டியது என்னவோ முழு லிங்க்தான். ஃபோரத்தின் எடிட்டர் புரோகிராமுக்குத்தான் பொறுக்கவில்லை. நீளமாக இருக்கிறதென்று நடுவில் வெட்டி மூன்று புள்ளி வைத்தது.

அவர் மறுபடி ஒட்டினார். இந்தத் தடவை எடிட்டர், லிங்க்கில் இருந்த ஏதோ இரண்டு குறிகளைச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் மஞ்சளாக ஓர் உருண்டை முகத்தைப் போட்டது. முகம் பல்லைக் காட்டிச் சிரித்தது.

பிழைத்தவன் யார், செத்தவன் யார் என்று பார்க்க வந்தவளிடம் இளிப்பு வேறு. ராகேலுக்கு அதை அறைய வேண்டும்போல் இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

மூன்றாவது தடவை எடிட்டர் லிங்க்கை இரண்டாக உடைத்து, பின்பாதியை அடுத்த வரிக்குத் தள்ளிவிட்டது. சென்டரைப் பார்த்துக்கொள்ளும் அஜிதா இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தாள். அதுவும் பலிக்கவில்லை.

"எக்கா, லிங்கு தப்பில்ல கேட்டோ. இந்த சைட்டுதான் அதப் போட்டு நாசமாக்குது. பேசாம கம்பெனிக்கு ஃபோன் விளிச்சுக் கேளுங்க."

"வேண்டாம் பிள்ளே. ஒருத்தரு வாயால அதக் கேக்க எனக்குத் திராணி இல்ல."

கண்ணால் படித்துவிட்டால் தாங்கிக்கொள்ளலாம் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

பக்கத்தைப் புதுப்பித்தாள். அந்த மனிதர் லிங்க்கைக் கைவிட்டுவிட்டு, உயிர் தப்பியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தானே டைப் அடித்திருந்தார்.

ராகேல் ஸ்கிரீனில் விரலை வைத்து வாசித்தாள். வங்காளப் பெயர்கள், பிலிப்பைன்ஸ் பெயர்கள், ஒரு தூத்துக்குடிக்காரன்.

பிரவின்ராஜ் இல்லை.

மறுபடி மேலிருந்து வாசித்தாள். இல்லை. 'இயேசுவே' என்று விரலை மறுபடி மேலே கொண்டுபோனாள்.

அஜிதாதான் எண்ணிப் பார்த்தாள். பதினெட்டுப் பெயர்கள்தான் இருந்தன. கரைக்குக் கொண்டுவந்த பிறகு ஒருவன் போய்விட்டானோ என்று இருவருக்கும் தோன்றியது.

அதற்குள் கீழே இன்னொரு பதிவு வந்து விழுந்தது. இவ்வளவு நேரம் ஆங்கிலத்தில் எழுதியவர், இப்போது ஆங்கில எழுத்திலேயே தமிழ் எழுதியிருந்தார்.

"பத்தொம்பதாவது ஆளு நான்தான். பிரவின்ராஜ். விழிஞ்ஞம் பக்கம் ஆராவது இருந்தா என் பொண்டாட்டி ராகேல்கிட்ட சொல்லிருங்க. ரெண்டு நாளா வீட்டுக்கு விளிக்கேன், ஃபோன் என்கேஜ்டாவே இருக்கு."

ராகேல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

டிவியில் செய்தி வந்த அன்றே, கெட்ட சேதி எதுவும் வீட்டுக்குள் வந்துவிடக் கூடாதென்று, வீட்டு ஃபோனின் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தவள் அவள்தான்.