நீலத் தகரம்

“அடப் பாவி மனுஷா! பெத்த பிள்ளை போய் இன்னும் நாற்பது நாள்கூட முடியலையே. அவன் போட்ட கூரையைப் பிரிக்கிறியே, உனக்கு மனசு எப்படி வருது?”

முற்றத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள் சவ்சன். மேலே அவள் கணவர் குஷ்நசர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடப்பாரையால் ஆணியை நெம்பி, நீலத் தகரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார்.

பாமீர் மலையில் அந்த ஊருக்கு வந்த முதல் தகரக் கூரை அது. மகன் பக்தவர் மாஸ்கோவில் கல்லும் மண்ணும் சுமந்து சம்பாதித்து அனுப்பியது. அதைக் கண்ணால் பார்க்கத்தான் கிளம்பி வந்தான். தலைநகர் துஷன்பேயில் அவன் ஏறிய சின்ன விமானம் மூடுபனியில் வழி தவறி, சொந்த ஊருக்கு மேலேயே பாறையில் மோதிவிட்டது.

வேலியோரம் ஊரே கூடி நின்றது.

“போன வாரம் அதுமேல சேத்தை அள்ளிப் பூசினாரு. இன்னிக்கு இது. துக்கத்துல புத்தி பேதலிச்சிருச்சு.”

“துக்கமாவது மண்ணாவது! நல்ல விலைக்குக் கேட்டிருப்பான் எவனோ.”

ஓடி வந்த தன் தம்பி தவ்லத்மீரின் கையைப் பிடித்துக்கொண்டாள் சவ்சன்.

“‘அம்மா, சிவப்பு வாங்கவா, பச்சை வாங்கவா’ன்னு போன்ல கேட்டான்டா. பக்கத்துப் பள்ளத்தாக்குல பள்ளிக்கூடத்துக் கூரை இருக்கே, அதே நீலம்தான் வேணும்னேன். என் ஒரு வார்த்தைக்காகக் கடை கடையா அலைஞ்சான். எனக்குன்னு மிஞ்சினது இது ஒண்ணுதான்டா. நீயாவது தடுடா!”

தவ்லத்மீருக்கு ரத்தம் கொதித்தது. ஏணியில் தடதடவென்று ஏறி, கடப்பாரையைப் பிடித்துக்கொண்டான்.

“போதும் அத்தான்! வயசுல பெரியவர்னு பார்க்கிறேன். இல்லைன்னா...”

“மெதுவாப் பேசு, மாப்பிள்ளை. கீழ கேட்கப்போவுது.”

“கேட்கட்டுமே! நீங்க செய்றது ஊருக்கே தெரியுதே!”

குஷ்நசர் அவனைக் கிட்டே இழுத்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“அன்னிக்கு விமானத்துக்கிட்ட முதல்ல போய்ச் சேர்ந்தது நான்தானே. நம்ம பையன் போயிட்டான். பைலட்டுக்கு மட்டும் கொஞ்சம் உயிர் இருந்துச்சு.”

“அதுக்கும் இதுக்கும் என்ன அத்தான்?”

“பனி மூடினா அவங்களுக்கு மலை தெரியாது. ஆத்தைப் பார்த்துக்கிட்டே தாழ வருவாங்க. அந்தப் பள்ளிக்கூடத்து நீலக் கூரை தெரிஞ்சா இடது பக்கம் திரும்பணும். அதுதான் அவங்க அடையாளம்.” அவர் காலடியிலிருந்த நீலத் தகரத்தைத் தட்டினார். “‘நீலக் கூரையைப் பார்த்துத்தானே திரும்பினேன், மலை எப்படி வந்துச்சு’ன்னு கேட்டுக்கிட்டே செத்தான் அந்தப் பைலட்.”

தவ்லத்மீர் கடப்பாரையை விட்டுவிட்டான்.

“பூசின சேத்தை மழை கரைச்சிருச்சு. நாளைக்கு மறுபடி விமானம் விடறாங்க. அதுல யாரு பெத்த பிள்ளையோ வரும்.”

“இதை அக்காகிட்ட சொல்லக் கூடாதா? ஊரே உங்களைக் காறித் துப்புதே!”

“துப்பட்டும்.”

“அக்காவே சாபம் விடுறா, அத்தான்!”

“விடட்டும். நீலம்தான் வேணும்னு கேட்டது யாரு, மாப்பிள்ளை?”

தவ்லத்மீர் கீழே பார்த்தான். கழற்றிப் போட்ட ஒரு தகரத்தை அக்கா மடியில் வைத்து, முந்தானையால் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னடா பார்த்துக்கிட்டு நிக்கிறே? பிடுங்கி எறிடா அந்தக் கடப்பாரையை!” என்று கத்தினாள்.

“தகரம் நல்ல விலைக்குப் போகுதுக்கா” என்று சொல்லிவிட்டு, கடப்பாரையை வாங்கி அடுத்த ஆணியை நெம்பக் குனிந்தான் தவ்லத்மீர்.