இரைச்சல் இல்லாத வருங்காலம்

"ஐயா, இப்ப நீங்க நிக்கிறது தரைக்குக் கீழே மூணாவது தளம். மத்தவங்க செட்டெல்லாம் செத்துப்போற இடம். என் குரல் எப்படிக் கேக்குது?"

கேட்டுவிட்டு, வயர்லெஸ் செட்டின் பட்டனிலிருந்து விரலை எடுத்தார் நிறுவனத்தின் இயக்குநர். பேச்சை வாங்கத் தயாரான செட்டுக்கே உரிய கொஞ்சம் கரகரப்பு. அதைத் தொடர்ந்து, கார் நிறுத்துமிடத்தில் இன்னொரு செட்டோடு நின்றிருந்த தீயணைப்புத் துறைத் தலைவரின் குரல் ஏழாவது மாடிச் சோதனைக் கூடத்துக்கு வந்தது. பக்கத்தில் நின்று பேசுவது போலிருக்கிறது, மேலே வந்ததும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றார்.

இயக்குநர் மறுபடி பட்டனை அழுத்தி, தன் பிரசங்கத்தை எடுத்துவிட்டார். செட்டுக்குள் இருப்பது தலைமுடியைவிட மெல்லிய ஓர் உலோக நாக்கு. பட்டனை அழுத்தினால் ஒரு பக்கம் தொட்டு நம் பேச்சை அனுப்பும். விட்டால் மறுபக்கம் தாவி எதிராளியின் பேச்சை வாங்கும். சூடாகாது, பேட்டரியைத் தின்னாது. நாளைக்குக் கைப்பேசி, கோபுரம், செயற்கைக்கோள் எல்லாம் இதற்கு மாறப்போகின்றன. கம்பியில்லாத் தொடர்பின் வருங்காலமே இந்த நாக்கு நுனியில்தான் இருக்கிறது என்று முடித்தார். அந்தக் கடைசி வாக்கியத்தைக் காலையில் குளியலறையில் இரண்டு முறை சொல்லிப் பார்த்திருந்தார்.

பட்டனை விட்டு, செட்டை மேசைமேல் வைத்தார். அதிலிருந்து சத்தமே இல்லை.

"பாத்தீங்களா? முதல்ல கொஞ்சம் கரகரன்னுச்சு, இப்ப அதுவும் போயிடுச்சு. பழகப் பழகத் தானா சரியாகுது" என்றார். அவர் என்ன சொன்னாலும் தலையாட்டுவதற்கே சம்பளம் வாங்குகிற விற்பனை மேலாளர் தலையாட்டினார்.

சோதனைப் பிரிவுப் பொறியாளர் ஆட்டவில்லை. அவள் மேசைமேல் இருந்த செட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கு சில சமயம் ஒட்டிக்கொள்கிறது என்று அவள் முதன்முதலில் சொன்னபோது, "ஒட்டிக்கிறதுக்கு இது என்ன அட்டைப்பூச்சியா?" என்று கேட்டிருந்தார் இயக்குநர். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவளுக்கு அட்டை என்றே பெயர். இன்று கையெழுத்தானால் அடுத்த வாரமே செட்டுகள் தீயணைப்பு வீரர்களின் இடுப்புக்குப் போய்விடும்.

"சார், அவர் வர்றதுக்குள்ள கடைசியா ஒரு தடவை சொல்லிடறேன்." வழக்கத்துக்கு மாறாக நிறுத்தி நிறுத்தி, தெளிவாகப் பேசினாள். "ஆயிரம் தடவைக்கு ஒரு தடவை நாக்கு ஒட்டிக்குது. எரியற கட்டடத்துக்குள்ள ஒருத்தர் இருக்கறப்ப ஒட்டிக்கிச்சுன்னா, வெளிய ஓடி வான்னு நாம கத்தினாலும் அவர் காதுல விழாது. மூணு மாசம் குடுங்க, சரி பண்ணிடறேன்."

"அட்டை ஆரம்பிச்சிடுச்சுய்யா" என்று மேலாளரைப் பார்த்துச் சிரித்தார் இயக்குநர். ஒன்றிரண்டு செட் மக்கர் செய்தால் பேட்டரியை மாற்றிப் பார்க்கச் சொல்லலாம், அதற்குள் பணம் வந்து சேர்ந்துவிடும் என்று அவளுக்கு வியாபாரப் பாடம் நடத்தினார்.

"தலைவர் விவரமாக் கேட்டா என்ன சார் சொல்றது?"

"அவரா? தண்ணி அடிக்கிறதைத் தவிர அந்த ஆளுக்கு என்னம்மா தெரியும்?"

மேலாளர் இரண்டு அர்த்தத்துக்கும் தனித்தனியாகச் சிரித்தார். இயக்குநருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"வருங்காலம்னு ஒரு வார்த்தையை அவுத்து விட்டேன். மனுஷன் பேனாவைத் திறந்துட்டார். எரியறப்ப எவன் மாட்டினா நமக்கென்ன?"

கதவு திறந்தது. தலைவர் கையில் செட்டோடு நின்றிருந்தார்.

இயக்குநர் எழுந்து கைகூப்பினார். "வாங்க ஐயா, உக்காருங்க."

"வாங்க ஐயா, உக்காருங்க" என்றது தலைவர் கையிலிருந்த செட்டும், இயக்குநரின் குரலிலேயே. அடுத்த நொடி அது வீலென்று அலறத் தொடங்க, தலைவர் அதை அணைத்தார். இயக்குநர் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"மூணு மாசம் போதுமாம்மா?" என்று அவளைக் கேட்டார்.

"நாலு இருந்தா நல்லது ஐயா."

"எடுத்துக்குங்க. அதுவரைக்கும் கையெழுத்து இல்ல." செட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

விற்பனை மேலாளர் எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரியாமல் நின்றார். இயக்குநர் தன் செட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது.

"இது ஒட்டிக்கிட்டது உனக்கு எப்பத் தெரியும்?"

"தானா சரியாகுதுன்னு சொன்னீங்களே, அப்பவே சார்."